வரி கேள்வி – பதில்: ஆன்லைன் விற்பனையில் ஷிப்பிங் கட்டணம்

கேள்வி: ஆன்லைன் தளம் ஒன்றில் படுக்கை விரிப்பு விற்கிறேன். வெளிமாநில வாடிக்கையாளர் 903 ரூபாய் கட்டினார். எனக்கு வந்தது 714.94 ரூபாய்தான். இதையே விற்பனையாக எழுதலாமா? ஷிப்பிங்குக்கும் ஜி.எஸ்.டி. உண்டா? (செட்டில்மென்ட் அறிக்கை இணைத்துள்ளேன்.)
– வாசகி, கரூர்

பதில்: எழுதவே கூடாது. உங்கள் பில்லில் விரிப்பு 800, ஷிப்பிங் 60. ஷிப்பிங்கை நீங்களே பில் போட்டு வசூலிப்பதால் அதுவும் விற்பனை மதிப்பில் சேரும். சரக்குக்கு எந்த வரியோ அதே வரிதான். விரிப்பு 2,500 ரூபாய்க்குள் இருப்பதால் 5%. ஆக 860-க்கு வரி 43 ரூபாய். ஷிப்பிங்குக்கு மட்டும் தனியாக 18% போடுவது தவறு. தளமே தன் பெயரில் டெலிவரி கட்டணம் வசூலித்திருந்தால் அந்த 60 உங்கள் கணக்கில் வராது.

தளம் பிடித்தவை: கமிஷன் 80, கூரியர் 75, இரண்டுக்கும் 18% ஜி.எஸ்.டி. 27.90, டி.சி.எஸ். (விற்பனை மீது தளம் உங்கள் பெயரில் பிடித்துக் கட்டும் ஜி.எஸ்.டி.) 0.5% வீதம் 4.30, டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 0.1% வீதம் 86 பைசா.

தளத்தின் பெயரில் ஒரு லெட்ஜர் திறங்கள். பில் தேதியில் அதில் 903 பற்று. விற்பனை 800, ஷிப்பிங் வசூல் 60, ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநில விற்பனைக்கான ஜி.எஸ்.டி.) 43 வரவு. பணம் வந்ததும் பிடித்தங்களைத் தனித்தனியாகப் பற்று எழுதி, வங்கியில் 714.94 காட்டினால் லெட்ஜர் நேராகிவிடும். மாதக் கடைசி விற்பனைக்கு அடுத்த மாதம்தான் பணம் வரும், ஆனால் ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு (நீங்கள் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கு) பில் தேதியே கணக்கு.

பலர் சறுக்குவது இங்கேதான்: வசூலித்த 60-ஐயும் கொடுத்த 75-ஐயும் கழித்து, செலவு 15 என்று எழுதிவிடுகிறார்கள். 60-க்கான வரி விடுபடும், 75-க்கான இன்புட் கிரெடிட் (செலவில் கட்டிய ஜி.எஸ்.டி.யை உங்கள் வரியில் கழிக்கும் உரிமை) கைநழுவும். தளம் தன் தாக்கலான ஜி.எஸ்.டி.ஆர்-8-இல் உங்கள் விற்பனை 860 என்று காட்டியிருக்கும். நீங்கள் குறைத்துக் காட்டினால் நோட்டீஸ் வர இடமுண்டு.

கமிஷன், கூரியருக்கான வரி 27.90, ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் (உங்களுக்குக் கிடைக்கும் இன்புட் கிரெடிட் பட்டியல்) வந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். டி.சி.எஸ். 4.30 தானாக வராது, ஜி.எஸ்.டி. போர்ட்டலில் டி.டி.எஸ்./டி.சி.எஸ். கிரெடிட் பக்கத்தில் ஏற்றுக்கொண்டால்தான் கேஷ் லெட்ஜரில் (போர்ட்டலில் உங்கள் வரிப் பண இருப்பு) ஏறும். 86 பைசாவை 26ஏ.எஸ். (உங்கள் பெயரில் பிடித்த வருமான வரிப் பட்டியல்) பார்த்து வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சரக்கு திரும்பி வந்தால்?
– வாசகர், ஈரோடு

பதில்: பில் போட்ட 860-க்கும் வரி 43-க்கும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட்டு, அது போட்ட மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் கழியுங்கள். ரிட்டர்ன் கூரியர் கட்டணம் உங்கள் செலவு. அதன் 18% வரிக்கு இன்புட் கிரெடிட் உண்டு. வாங்க ஆளில்லாமல் திரும்பிய கேஷ் ஆன் டெலிவரி பார்சலுக்கும் இதே முறைதான்; அதற்குக் கிரெடிட் நோட் போட மறந்தால், நடக்காத விற்பனைக்கு வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.