வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது: தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து சிங்கப்பூர் வந்து ஏழு மாதம் ஆகிறது என்றும், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மாதம் 2,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்த, வீவக என்னும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து மூவறை வீட்டை, மகனுக்குத் திருமணம் என்ற காரணத்தைச் சொல்லி இரண்டு மாதத்தில் காலி செய்யும்படி வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தத்தை இடையில் முடிக்க வழிசெய்யும் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற விதி அதில் இருப்பதால் தமக்கு அந்த உரிமை உண்டு என்கிறாராம். முன்பணமாகக் கொடுத்த 5,600 வெள்ளி திரும்பாதோ என்ற பயத்தில், நம் ஊர் வழக்கப்படி வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்று சரியான பக்கத்தில் நிற்பவர் நீங்கள். வாடகையை நிறுத்தும் நாளில் அந்த இடத்தை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், வாடகை 7 அல்லது 14 நாள் தவறினாலே வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல், பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்று வாடகைதாரரின் பொருள்களைக் கைப்பற்றும் பழைய சட்டமும் இங்கே இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.

நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்காரர் எங்களைக் கிளப்ப நினைத்தபோது முதலில் மோட்டார் போடுவதை நிறுத்தினார், பிறகு வாடகையை வாங்க மறுத்தார். அப்பா சண்டைக்குப் போகவில்லை. மாதம் பிறந்ததும் தபால் நிலையத்துக்குப் போய் வாடகையை மணியார்டர் செய்தார். அதுவும் திரும்பி வந்தபோது, 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காட்டிய வழியில், உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்த சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டினார். ரசீதுகளையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தார். ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்’ என்பது நம் பக்கத்தில் பிரியும்போது சொல்லும் சொல். இருப்பதற்காகப் போராடிய குடித்தனக்காரர்கள் ஒரு மாத வாடகையைக்கூடத் தவறவிட்டதில்லை. நீங்கள் நம் ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இதுதான்.

ஆனால் அப்பாவுக்குத் துணை நின்றது போன்ற ஒரு சட்டம் உங்களுக்கு இங்கே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றிலும் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, அதில் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு உண்டு. கொருக்குப்பேட்டையில் குடியிருக்கும் என் தம்பி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துத்தான் வீடு பிடித்தான் என்பது வேறு விஷயம். இங்கே உங்களைக் காப்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே அதை இன்றே எடுத்து, வரி வரியாகப் படியுங்கள்.

முதலில் அந்த ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’. அது வழக்கமாக வாடகைதாரருக்காக எழுதப்படுவது. வேலை போனாலோ, நிறுவனம் வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பொதுவாக 12 மாதம் குடியிருந்த பிறகு இரண்டு மாத முன்னறிவிப்புடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அது உங்களுக்கு வழி செய்கிறது. வீட்டுக்காரருக்கும் அதே உரிமை உண்டு என்று தெளிவாக எழுதியிராவிட்டால், மகன் திருமணம் எவ்வளவு உண்மையான தேவையாக இருந்தாலும், நடுவில் ஒப்பந்தத்தை முறிக்க அவருக்கு உரிமையில்லை. வாடகையை ஒழுங்காகக் கட்டும்வரை வீட்டை இடையூறின்றி அனுபவிக்கும் உரிமையும் அதே தாளில் இருக்கும். பூட்டை மாற்றுவது அதற்கு எதிரானது.

அடுத்து, ஒப்பந்தத்துக்காக அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை (ஸ்டாம்ப் டியூட்டி). ஒப்பந்தத்தின் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்கள் கணக்கில் 24 மாதத்துக்கு 67,200 வெள்ளி, அதற்குத் தீர்வை 268 வெள்ளி. இதைக் கட்டுவது வழக்கமாக வாடகைதாரரின் பொறுப்பு, கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் கட்டியிருக்க வேண்டும். முத்திரைச் சான்றிதழ் உங்கள் கையில் இல்லையென்றால் அபராதத்துடனாவது உடனே கட்டிவிடுங்கள், ஏனெனில் முத்திரையிடாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. முழு வீட்டையும் வாடகைக்கு விட வீட்டுக்காரர் வீவகவின் அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதையும் அதன் இணையதளத்தில் பாருங்கள். அனுமதியின்றி விட்டிருந்தால் வீட்டையே பறிமுதல் செய்யும் அதிகாரம் வீவகவுக்கு உண்டு. அப்படியொரு வீட்டில் தங்கப் போராடுவதைவிட, பணத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுவதே நல்லது.

முன்பணம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இங்கே நான் குடியிருந்த முதல் வீட்டில், ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்த ரசீதுகளை நான் எடுத்து வைக்கவில்லை, குடிபுகுந்த நாளில் சுவரிலிருந்த கீறல்களைப் படமெடுக்கவும் இல்லை. ஒரு மாத முன்பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அன்று அழுதது இன்றும் நினைவிருக்கிறது. நீங்கள் இன்று மாலையே எல்லா அறைகளையும், கதவு, குழாய், தரை உட்படப் படமெடுத்து வையுங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்.

பணம் திரும்பாவிட்டால், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தங்களை அது விசாரிக்கும்; 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கோரலாம்; பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் வீட்டுக்காரரும் உங்களைப் போலத் தாமே பேச வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர் அங்கே போவது தவறாகிவிடுமோ என்று கலங்க வேண்டாம், உரிமை கோருவது குற்றமல்ல.

அதே சமயம், அவர் வீட்டில் உண்மையிலேயே கல்யாணம் இருக்கலாம், நீங்களும் வேறு வீடு பார்க்கத் தயாராக இருக்கலாம். அப்படியானால் முழு முன்பணம், வீடு மாறும் செலவு, புதிய வீட்டுக்கான முகவர் கட்டணம் ஆகியவற்றைக் கேளுங்கள். இவையெல்லாம் எழுத்தில் வரும்வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

இப்போதைக்கு அவருடைய செய்திக்கு இவ்வளவு மட்டும் பதில் அனுப்புங்கள்: ‘ஐயா, ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகையைத் தவறாமல் செலுத்துவேன். முன்கூட்டியே காலி செய்ய வேண்டுமென்றால் அதற்கான நிபந்தனைகளை எழுத்தில் தெரிவியுங்கள். படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.’ அவர் தொலைபேசியில் அழைத்துப் பேசினால், பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கி ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள்.