இணைப்பும் இரண்டு பேரேடுகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் என் நண்பரும் 12 வருடமாகத் தனித்தனியாக ஒரே தொழில் செய்கிறோம். அவரிடம் 40 பேர், என்னிடம் 25 பேர். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பேசி முடித்துவிட்டோம். ஆடிட்டர் மதிப்பீடு போட்டுவிட்டார், பங்கு விகிதமும் முடிவாகிவிட்டது. ஆனால் என் ஆட்கள் ஒருவர் முகத்திலும் களை இல்லை. நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மதிப்பீடு, பங்கு விகிதம் எல்லாம் சரி. இணைந்த மறுநாள் உங்கள் ஸ்டோர்கீப்பர் யாரிடம் கையெழுத்து வாங்குவார்? அதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்ரோடு, நியூயார்க் சென்ட்ரல் என்று இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள். காலங்காலமாகப் போட்டியாளர்கள். 1968 பிப்ரவரியில் ஒன்றாகின. இருவருடைய கம்ப்யூட்டர்களும் ஒத்துப்போகவில்லை. சரக்குச் சீட்டு ஒரு பக்கம் போனது, வேகன் ஒரு பக்கம் போனது. 1970 ஜூனில் திவால். வேறு காரணங்களும் நிறைய உண்டு. ஆனால் என் வேகன் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத கம்பெனியிடம் யார் சரக்கை ஒப்படைப்பார்கள்?

நானும் ஒரு இணைப்பைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவன். ஒரே வாடிக்கையாளர் இரண்டு பேரேட்டிலும் இருந்தார். எங்கள் பக்கம் 30 நாள் கடன், அந்தப் பக்கம் 45 நாள். நாங்கள் 31ஆம் நாள் பாக்கி கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டோம். மனிதர் நேரில் வந்துவிட்டார். அந்தப் பக்கத்து மேலாளர் கைப்பட எழுதிக்கொடுத்த தாளை மேசையில் விரித்து, "இது செல்லுமா செல்லாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எழுதிக்கொடுத்தவரைக் கேட்கலாம் என்றால் அவர் போன மாதமே வேலையை விட்டிருந்தார். தனக்கு மேலே யார் என்று மூன்று மாதம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போனவர். எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் புரட்டுவார், யாரிடம் கறாராகப் பேசலாம், யாரை ஒரு வாரம் விட்டுப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அது எந்த மதிப்பீட்டில் வரும்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், எல்லாவற்றையும் ஒன்றாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. 2006இல் டிஸ்னி 740 கோடி டாலருக்கு பிக்சார் என்ற அனிமேஷன் படக் கம்பெனியை வாங்கியபோது, அங்கே எதையெல்லாம் மாற்றக்கூடாது என்று பட்டியல் போட்டே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் 25 பேரையும் உட்காரவைத்து அப்படி ஒரு பட்டியல் கேளுங்கள். சம்பளத் தேதி, லீவு வழக்கம் என்று சின்ன விஷயங்களாகத்தான் வரும். அதைத் தட்டிவிடாதீர்கள்.

நண்பரோடும் ஒருநாள் தனியாக உட்காருங்கள். உங்கள் இருவருக்கும் ஒத்துவராத விஷயத்தில் யார் சொல் கடைசி என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதை எழுத இருவரில் ஒருவர் தயங்கினாலும் இணைப்புத் தேதியைத் தள்ளிவையுங்கள்.

அன்புடன்.