ஓட்டை பொருந்தினால் போதுமா?

கேள்வி: என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. இருக்கிறது. 14 அங்குல இரும்பு ரிம். நண்பர் தன் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றி வைத்த 16 அங்குல கம்பெனி அலாய் வீல்கள் நான்கையும் டயரோடு 20,000 ரூபாய்க்குத் தருகிறார். “இரண்டு காருக்கும் நாலு ஓட்டைதான், அப்படியே மாட்டிக்கொள்” என்கிறார். வாங்கலாமா ஐயா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பர் பொய் சொல்லவில்லை. இரண்டிலும் நட் ஓட்டை நான்கு. நான்கும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில்தான் இருக்கின்றன. தூக்கி வைத்தால் வீல் உட்கார்ந்துவிடும். வம்பே அதில்தான் இருக்கிறது.

வீலின் நடுவே ஒரு பெரிய துவாரம் இருக்கிறதல்லவா, அது காரின் ஹப் மீது, அதாவது வீலைத் தாங்கும் நடு மேட்டின் மீது, இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ., சிட்டி வீலின் துவாரம் 56.1 மி.மீ. இதே ஜோடியை மாட்டிக்கொண்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றார். அதற்குள் மூன்று கடைகளில் பேலன்சிங் செய்து பணம் கொடுத்திருந்தார். பேலன்சிங் இயந்திரத்தில் வீல் ஒழுங்காகத்தான் சுற்றும். காரில் மையம் தப்பி உட்கார்ந்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? வீலைக் கழற்றி, அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். இதற்கு மருந்து உண்டு. உள்ளே 54.1, வெளியே 56.1 அளவுள்ள ஹப் ரிங் என்ற மெல்லிய வளையத்தைப் போட்டு இடைவெளியை அடைத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

எனக்குப் பெரிய பயம் நட்டில்தான். ஹோண்டா கம்பெனி அலாயில் நட் உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டையாக இருக்கும். உங்கள் ஸ்விஃப்ட் நட்டின் முனையோ கூம்பு. கிண்ணத்தில் கூம்பை வைத்தால் விளிம்பில் ஒரு கோடாகத்தான் ஒட்டும். எவ்வளவு முறுக்கினாலும் இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். சந்தேகம் இருந்தால் நட்டின் முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் இறுக்கிக் கழற்றிக் குழியைப் பாருங்கள். அகலப் பட்டையாகக் கறை இருந்தால் சரி; மெல்லிய வளையமாக இருந்தால் அந்த வீலில் ஏறவே வேண்டாம். நண்பர் தன் நட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தால்? மரை வேறு. மரைக்கு மரை இடைவெளி ஹோண்டாவுக்கு 1.5 மி.மீ., சுசுகிக்கு 1.25. பலவந்தமாக ஏற்றினால், நட் ஏறும் மரைக் கம்பியான ஸ்டட் கெட்டுவிடும்.

டயரையும் பாருங்கள். உங்களுடையது 165/80 ஆர் 14. அதாவது அகலம் 165 மி.மீ., பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். ஆக ரப்பரின் பக்க உயரம் 132 மி.மீ. சிட்டியின் 185/55 ஆர் 16-ல் அது 102தான். குழியில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ள ஓர் அங்குலத்துக்கும் மேல் ரப்பர் குறைகிறது. இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகளை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஆகவே வேண்டாம், தம்பி. அலாய்தான் ஆசை என்றால் அதே தலைமுறை ஸ்விஃப்ட் இசட்.எக்ஸ்.ஐ.யில் வரும் 15 அங்குல கம்பெனி வீலைத் தேடுங்கள். அதற்கு 185/65 ஆர் 15 டயர். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 621.5 மி.மீ., உங்கள் பழைய டயருக்கு 619.6. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது; டிக்கியில் இருக்கும் 14 அங்குல ஸ்டெப்னியும் அவசரத்துக்கு உதவும்.

பழைய வீல் என்றால் டயர் இல்லாமல் பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் பளபளத்தால் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். வெல்டிங் மேடு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. மாட்டிய பின் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்து நட், அடுத்த நட் என்று வட்டமாகப் போகக் கூடாது. எதிரெதிராகத்தான் இறுக்க வேண்டும். கடைப் பையன் அவசரப்படுவான், பக்கத்திலேயே நில்லுங்கள்.