வாக்குத்தத்த அட்டை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன வருடத்துக்கு முந்தின டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வருடத்துக்கு ஒரு வசனம் என்று கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அம்மாவுக்கு அப்போது வாரம் இரண்டு டயாலிசிஸ். எங்கள் ஜெபக்குழுவே உபவாசம் இருந்தது. மார்ச்சில் அம்மா போய்விட்டார்கள். அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பார்த்தால் கோபம் வருகிறது, கிழிக்கப் பயமாகவும் இருக்கிறது. முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. பாடகர் குழுவை விட்டுவிட்டேன். இந்த மனசோடு திருவிருந்து எடுப்பது தப்பு என்று அதற்கும் போவதில்லை. தோழி ஒருத்தி வியாசர்பாடியில் ஒரு ஊழியரிடம் கூட்டிப்போனாள். குடும்பத்தில் சாபம் இருக்கிறது, 21 நாள் உபவாசம் இருங்கள் என்றார். நான் சுகர் மாத்திரை போடுகிறேன். எனக்கு அந்நியபாஷை, அதாவது ஆவியில் அறியாத மொழி பேசுவது, வந்ததில்லை, அதனால்தான் இப்படி என்கிறாள் தோழி. உங்களிடம் கேட்பது இதுதான்: நான் சபை மாறலாமா? என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உபவாசம் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுகர் மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கக் கூடாது. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையைச் சரசரவென்று இறக்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்களோ தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். 21 நாள் என்று சொன்னவர் நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இரண்டுமே தப்பு.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவைக் கேட்டார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி தட்டி எழுப்பி மறுபடி சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பிறகு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கும் பிறகு. நொந்துபோனவரிடம் கர்த்தர் நடந்துகொண்ட வரிசை இது. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம், உட்கார்ந்து வாசியுங்கள்.

சாபம் என்று சொன்னவரிடம் இனிப் போகாதீர்கள், காணிக்கையும் அனுப்பாதீர்கள். பிறவிக்குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். கிட்னி கெட்டுப்போன ஒரு தாயின் வீட்டில் சாபம் தேடுவது கொடுமை. அந்நியபாஷை பற்றி: எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. அதோடு விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஃபிரிட்ஜ் கதவு. இந்த அட்டைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் கட்டுக்கட்டாக அச்சாகி வருகின்றன. உன்னைத் தலையாக்குவேன், புதிய காரியத்தைச் செய்வேன், உன் வெளிச்சம் வந்தது. பின்னணியில் ஒரு சூரிய உதயம். நடுராத்திரி வரிசையில் நின்று, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, இந்த வருடம் ஆண்டவர் எனக்கு இதைத்தான் சொல்கிறார் என்று வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். வசனம் பொய்யல்ல. எங்கே வெட்டி எடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் அவன் தாயையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களுக்கு ஒரே கேள்விதான்: எப்போது திரும்புவோம்? அதற்கு அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்திலே எல்லார் முன்பாகவும் பதில் சொன்னான். இரண்டு வருடம், அதற்குள் ராஜாவும் திரும்புவான், ஆலயத்துப் பாத்திரங்களும் திரும்பும் என்றான். எரேமியா அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எரேமியா வாதாடாமல் தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகுதான் திரும்பி வந்து, நீ மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதில் இரும்புநுகம் வரும் என்றார்.

பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தைப் பாருங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். நீங்கள் இருக்கும் அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். உங்கள் அட்டையில் இருப்பது 11ஆம் வசனம். அதற்கு நேர் முன்னால் இருக்கும் 10ஆம் வசனம் எழுபது வருடம் என்கிறது. எழுபது! நாற்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்ட மனுஷி ஒருத்தி கணக்குப் போட்டிருப்பாள். எனக்கு இந்த ஊரில்தான் கல்லறை என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளிடம்தான், உங்கள்பேரில் எனக்கு இருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல என்று கர்த்தர் சொல்கிறார். இந்த மார்ச்சுக்குள் நோயாளி எழுந்து உட்காருவார் என்ற உறுதி அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. அப்படிக் காலம் குறித்துச் சொன்னவன் அனனியா. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் அச்சடித்தால், எரேமியாவின் கையெழுத்தில் அனனியாவின் செய்தி போய்ச் சேருகிறது. உங்களுக்கு வந்து சேர்ந்தது அதுதான். உங்கள் கோபம் அனனியாவின்மேல் வர வேண்டிய கோபம். அதைக் கர்த்தரிடம் கொண்டுபோய்ச் சொல்லவும் உங்களுக்கு வழி இருக்கிறது, வருகிறேன்.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். 32ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனுடைய சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எருசலேமுக்கு நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது, எதிரி சேனை நடமாடும் பூமி. எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து வாங்கினார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று, இரண்டு பத்திரம். தன் எழுத்தரான பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். வில்லங்கம் இருக்கிற மனைக்கு நம் ஆட்கள் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்கமாட்டார்கள். அவரோ எதிரியின் காலடியில் இருந்த நிலத்துக்கு முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். வேதாகமம் நம்பிக்கை என்று காட்டுவது இந்த மாதிரிக் காரியத்தை. நெஞ்சு லேசாக இருந்ததா என்றால், இல்லை. பத்திரத்தைக் கொடுத்த கையோடு அவர் பண்ணின ஜெபம் அங்கேயே இருக்கிறது. ஊரே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். பணம் கொடுத்ததும் அவரே, கேள்வி கேட்டதும் அவரே.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். பேனாவை எடுத்து அதன்மேல் 10ஆம் வசனத்தை எழுதிவிடுங்கள்.

இனி ஜெபம். உங்களுக்கு வார்த்தை வரவில்லை என்றால் வார்த்தையைக் கடன் வாங்குங்கள். சங்கீதம் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஆறு வாரத்துக்கு ஆறு: 13, 6, 42உம் 43உம் சேர்த்து ஒன்றாக, 77, 88, 130. ஒரு வாரம் முழுக்க ஒரே சங்கீதம். காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்தாலும் சரி, பத்து நிமிடம். வாய்விட்டு வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் மூன்றாம் வரியில் சமையல் நினைவு வந்துவிடும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடம்தான். இரண்டு தரம் வாசியுங்கள். பிறகு மூடிவைத்துவிட்டு மூன்று வாக்கியம் சொல்லுங்கள். முதலாவது, எது வலிக்கிறது என்று. "கஷ்டமாக இருக்கிறது ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. அம்மா கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்த நரம்பைச் சொல்லுங்கள். இரண்டாவது, என்ன வேண்டும் என்று. மூன்றாவதை நீங்கள் உண்டாக்க வேண்டாம். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று சங்கீதத்தில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். நெஞ்சில் அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இது எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்கு 13ஆம் சங்கீதத்தில் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவும் பழக்கம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்டுவிட்டுத்தான் தாவீது ஐந்தாம் வசனத்துக்கு வருகிறார். அந்த நான்கையும் கேட்காதவருக்கு ஐந்தாம் வசனம் வெறும் ஸ்டிக்கர். இன்னொன்று, வைராக்கியத்தோடு 1ஆம் சங்கீதத்தில் தொடங்குவது. 18இல் ஐம்பது வசனம் வந்து நிற்கும், அங்கேயே முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். அதனால்தான் பட்டியல் கொடுத்தேன். மூன்றாவது, போனில் வாசிப்பது. வாட்ஸ்அப் வந்து விழும், அதில் யாரோ அனுப்பிய பிரசங்கம் இருக்கும், பத்து நிமிடம் போச்சு. புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, இன்றைக்கு ஏதாவது மாறியதா என்று தினம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. ஆறு வாரம் முடியும்வரை அளக்காதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கவும் வேண்டாம். முதல் வாரம் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவர்தான் மூன்றாம் வாரம் காணாமல் போகிறார்.

ஐந்தாம் வாரம் கடினம். 88ஆம் சங்கீதம் பதினெட்டு வசனமும் இருட்டு. கடைசியில் விடிவதில்லை. அந்த வாரம் மூன்றாம் வாக்கியம் கிடையாது, சும்மா இருங்கள். ஆனால் அது தொடங்குவது எப்படி என்று பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." இத்தனை குற்றச்சாட்டையும் அதை எழுதினவன் கர்த்தரிடமே சொல்கிறான், அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்டீர்கள். செத்திருந்தால் அந்த அட்டையைப் பார்த்துக் கோபம் வராது சகோதரி. அது சுவரில் ஒட்டிய பழைய காலண்டர் மாதிரி இருந்திருக்கும்.

ஒரு பக்கவிஷயம். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது வேப்பேரி. 1742இல் மதராஸ் வந்து அங்கே வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ். நாம் வாசிக்கும் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கு அடித்தளமானவற்றில் அவருடைய வேலை முக்கியமானது. முதுமையில் கடன் விவகாரத்தில் சிக்கிச் சிறையில் கிடந்தார், 1791இல் காலமானார். புலம்பலைத் தமிழில் வைத்தவரே அதற்குள் போய் இருந்தார். இதை வாக்குத்தத்தக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

திருவிருந்துக்குத் திரும்பிப் போங்கள். வருகிற முதல் ஞாயிறே. அபாத்திரமாய்ப் புசிப்பதைப் பற்றிப் பவுல் எழுதியது துக்கத்தில் இருப்பவர்களுக்கு அல்ல. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைத்தான் திட்டுகிறார். நீங்கள் யாருடைய சாப்பாட்டையும் பிடுங்கவில்லை. பாடகர் குழுவில் இப்போது சேர வேண்டாம், கீழே உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும். திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை." படுத்திருந்தவனிடம் எவ்வளவு இருந்தது என்று மாற்கு எழுதவே இல்லை. உங்கள் ஜெபக்குழுவில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, எனக்கு ஜெபிக்க முடியவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் பண்ணுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அறிவுரை சொல்ல ஆரம்பிக்கிறவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

தூக்கம் போய், பசி போய், காலையில் எழவே முடியாமல் இரண்டு வாரத்துக்குமேல் நீடிக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் அந்த அடையையும் தண்ணீரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சபை மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவை அடக்கம் பண்ணிய சபையை விட்டுப் போகும் முடிவை இந்த மனநிலையில் எடுக்காதீர்கள். ஆறு வாரம் கழிந்து 130ஆம் சங்கீதத்தையும் முடித்த பிறகு அந்தக் கேள்வி அப்படியே இருந்தால் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம். பழைய திருப்புதலோ திருவிவிலியமோ, எது கையில் இருக்கிறதோ அது போதும். திங்கட்கிழமை 13.

அன்புடன்