அழைப்பிதழில் இட்டாலிக் எழுத்துரு: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழை நானே கணினியில் வடிவமைக்கிறேன். ஆங்கிலப் பக்கம் முழுவதையும் இபி காரமண்ட் என்ற எழுத்துருவின் இட்டாலிக்கில், அதாவது சாய்வெழுத்தில், அமைத்தேன். மணமக்கள் பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்துகளில் (கேபிடல்) இட்டதும் அழகு கெட்டுவிட்டது. என்ன செய்யலாம்? தமிழ்ப் பக்கத்தையும் சாய்வாக அமைக்கலாமா?

பதில்: எழுத்துருவை நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள். 1592-இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான ஓர் எழுத்துரு மாதிரித்தாளை அடிப்படையாகக் கொண்டு ஜியார்க் டஃப்னர் இதை உருவாக்கினார். இரண்டு பழைய பிரெஞ்சு எழுத்து வடிவமைப்பாளர்களில், நேரெழுத்துகள் கிளாட் காரமண்டின் வடிவங்களையும், சாய்வெழுத்துகள் ராபர்ட் கிரான்ஜோனின் வடிவங்களையும் பின்பற்றியவை. கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் அச்சில் பயன்படுத்த எழுத்துருவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பெயர்கள் ஏன் கெட்டன என்பதற்கு விடை இட்டாலிக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. வெனிஸ் நகரில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக, அச்செழுத்து வெட்டுபவரான பிரான்செஸ்கோ கிரிஃபோ உருவாக்கிய சாய்வெழுத்தில் 1501-இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகள் அச்சாயின. அறிஞர்களின் விரைவான கையெழுத்தைப் பின்பற்றியவை அதன் சிறிய எழுத்துகள் மட்டுமே. பெரிய எழுத்துகள் அப்போது நேராகவே நின்றன; பிற்காலத்தில்தான் அவையும் சாய்ந்தன. ஓர் எழுத்து அடுத்ததை நோக்கி ஓடுகிற அந்த ஓட்டம் சிறிய எழுத்துகளில்தான் உண்டு என்பதால், பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியே சாய்ந்து நிற்கும். எனவே பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து, மற்றவற்றைச் சிறிய எழுத்துகளில் விடுங்கள். சில பெரிய எழுத்துகளுக்கு வால் நீண்ட மாற்று வடிவங்களும் இந்த எழுத்துருவிலேயே உண்டு. ஒரு பெயருக்கு ஒன்று போதும், இரண்டானால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும்.

உங்கள் கணினியில் இருப்பது உண்மையான இட்டாலிக்தானா என்பதையும் பாருங்கள். ஆங்கிலச் சிறிய ‘ஏ’ (a) எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், நேரெழுத்தில் மேலே ஒரு வளைவும் அதன் கீழே ஒரு வயிறும் இருக்கும். உண்மையான இட்டாலிக்கில் வயிறு மட்டுமே இருக்கும், சிறிய ‘எஃப்’ (f) எழுத்து வரிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். ‘ஏ’யின் மேல்வளைவு அப்படியே இருந்தால், மென்பொருள் நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறது என்று பொருள்; இட்டாலிக் கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

பெயர்களையும் வரவேற்பு வரிகளையும் இட்டாலிக்கில் வையுங்கள். மண்டபத்தின் முகவரி, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை முதியவர்கள் தேடிப் படிப்பார்கள். அவற்றுக்கு நேரெழுத்தே நல்லது.

தமிழைச் சாய்க்க வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது; மென்பொருளின் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் நசுங்கும். தமிழை நேராக, மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துருவில் அமையுங்கள். காரமண்டின் சிறிய எழுத்துகள் உயரம் குறைந்தவை. ஒரே பாயிண்ட் அளவில் தமிழுக்குப் பக்கத்தில் சிறுத்துத் தெரியும் என்பதால், ஆங்கிலத்தை ஒன்றிரண்டு பாயிண்ட் கூட்டிக்கொள்ளுங்கள்.

சொரசொரப்பான காகிதத்திலோ பொன்தாள் அச்சிலோ மெல்லிய கோடுகள் உடைந்துபோகக்கூடும்; அப்படியானால் ஒரு படி தடித்த மீடியம் இட்டாலிக்கைத் தேர்ந்து, முழு அச்சுக்கு முன் அதே காகிதத்தில், அதே மையில் ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள்.