ரோடு போகாத அருவிக்குப் போவது எப்படி?

கோடை நெருங்கினாலே கனடாவின் வடமேற்குப் பிரதேச அருவிகளைப் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை பலர் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

வர்ஜீனியா அருவி நயாகராவைப் போல இரண்டு மடங்கு உயரம் என்கிறார்களே, உண்மையா? காரில் போக முடியுமா? (டொரண்டோ வாசகர்)

இரண்டு மடங்கு என்பது கொஞ்சம் தாராளக் கணக்கு. வர்ஜீனியா சுமார் 96 மீட்டர், நயாகராவின் குதிரைலாட அருவி சுமார் 57 மீட்டர். ஆனால் பக்கத்தில் போய் நின்றால் யாருக்கும் இந்தக் கணக்கு ஞாபகத்தில் இருக்காது.

கார் போகாது. அருவி இருப்பது தெற்கு நஹானி ஆற்றில், நஹானி தேசியப் பூங்காவுக்குள். 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களை அறிவித்தபோது அந்தப் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. இன்றுவரை அருவிக்கு ரோடு கிடையாது. பெரும்பாலானோர் ஃபோர்ட் சிம்ப்சன் என்ற ஊரிலிருந்து மிதவை விமானத்தில் போகிறார்கள். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள் பொருத்திய, ஆற்றிலேயே இறங்கும் சின்ன விமானம். முதலில் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் எடை போடுவார்கள், உங்களையும் சேர்த்துத்தான். எங்களோடு வந்த நண்பர் ஒரு மூட்டை அரிசியும் பிரஷர் குக்கரும் கொண்டுவந்திருந்தார். விமானி தராசைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், அப்புறம் நண்பரின் வயிற்றைப் பார்த்தார். குக்கர் கரையிலேயே நின்றுவிட்டது.

விமானம் அருவிக்கு மேலே, ஆறு அமைதியாக ஓடும் இடத்தில் இறங்கும். அங்கிருந்து ஊசியிலைக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை போகிறது. பலகையை விட்டு இறங்காதீர்கள். கீழே இருப்பது ஈரப் பாசி மெத்தை, அதில் பதிந்த கால்தடம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அருவிக்குச் சற்று முன்னால் ஆறு குறுகிக் கொந்தளிக்கிறது. அப்புறம் நடுவில் கோபுரம் போல நிற்கும் ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து விழுகிறது. துடுப்புப் படகுக்காரரும் திரைப்பட இயக்குநருமான பில் மேசனின் பெயரால் அதை மேசன் பாறை என்கிறார்கள். பாதை முடிகிற இடத்தில் நின்றால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடியும் கேமரா லென்ஸும் நனைந்துவிடும். பையில் ஒரு பழைய பருத்தித் துணி இருக்கட்டும்.

என் ஒரே கண்டிப்பான ஆலோசனை: இரண்டு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மேகம் தாழ்ந்தாலோ காட்டுத்தீப் புகை படர்ந்தாலோ விமானம் கிளம்பாது. நான் ஃபோர்ட் சிம்ப்சனில் இரண்டு நாள் லயர்ட் ஆறு மெக்கென்சி ஆற்றோடு கலப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களோடு காத்திருந்த ஒரு தம்பதி, மூன்றாம் நாள் ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்ததால், அருவியைப் பார்க்காமலே போனார்கள். அதே நாள் மதியம் வானம் திறந்தது.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. சின்ன விமானமெல்லாம் ஒத்துவராது. (எட்மன்டன்)

அப்படியானால் காரிலேயே போங்கள். சொல்லப்போனால், முதல் தடவை போகிற யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். எட்மன்டனிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், 60-ஆவது அட்சரேகையைத் தாண்டிய பிறகு ஹே ஆற்றின் மேல் அலெக்சாண்ட்ரா அருவி வரும். உயரம் 32 மீட்டர். வண்டியை நிறுத்திச் சில நிமிடம் நடந்தால் போதும். கொஞ்சம் கீழே லூயிஸ் அருவி, 15 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஆற்றோரமாகக் காட்டுப் பாதை இருக்கிறது. பெரியவர்களைக் காரில் அடுத்த நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் நடக்கலாம். உள்ளூர் டெனே பழங்குடி மக்களுக்கு இவை தாத்தாவும் பாட்டியும். இரண்டு ஆவிகள் அங்கே குடியிருந்து காவல் காப்பதாக நம்பிக்கை. கோயிலுக்குப் போகிற மாதிரி போங்கள், பாட்டுப் பெட்டி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அலெக்சாண்ட்ராவில் தண்ணீர் விழும் விளிம்புவரை சுண்ணாம்புப் பாறை தட்டையாக விரிந்து கிடக்கும். திண்ணை மாதிரி இருக்கும், போய் உட்காரத் தோன்றும். அங்கே கம்பித் தடுப்பு இல்லை, ஈரப் பாசி சோப்பு மாதிரி வழுக்கும். 2007-இல் டைலர் பிராட் என்ற கயாக் வீரர் இந்த அருவியில் படகோடு விழுந்து உயிரோடு வந்தார், அது அன்றைய உலக சாதனை. நமக்கு அந்தச் சாதனை தேவையில்லை.

நேரமிருந்தால் கக்கிசா ஆற்றின் லேடி எவலின் அருவியையும் பாருங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலில் வளர்ந்த பவளப்பாறைத் திட்டின் விளிம்பிலிருந்துதான் அது விழுகிறது. என் மனசுக்கு மூன்றில் அதுதான் பிடித்தது.

பெட்ரோல்: வழியில் வரும் ஹை லெவல் என்ற ஊரில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பாதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னலும் இருக்காது.

கொசுத் தொல்லை பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

சரியாகத்தான் பயமுறுத்துகிறார்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கொசு, அப்புறம் கறுப்பு ஈ, போதாததற்குச் சதையையே கிள்ளி எடுக்கும் பெரிய குதிரை ஈ. டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டி மருந்து, முகத்துக்கு வலைத்தொப்பி, வெளிர் நிற முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். கறுப்பு ஈ காலர் ஓரத்திலும் காலுறை விளிம்பிலும்தான் நுழையும், பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். முடிந்தால் ஆகஸ்ட் கடைசியில் போங்கள். பூச்சி குறைந்திருக்கும், இரவு மறுபடி இருட்டத் தொடங்கியிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளியும் கிடைக்கும்.

ஆனால் அது தீக்காலமும்கூட. 2023 ஆகஸ்டில் இந்த அருவிகளுக்குப் பக்கத்திலுள்ள என்டர்பிரைஸ் என்ற சிற்றூர் பெரும்பாலும் எரிந்துபோனது, பிரதேசத்தின் தலைநகர் யெல்லோநைஃபே காலி செய்யப்பட்டது. கிளம்பும் நாளன்றும் தீ நிலவரம் பாருங்கள்.

கரடி ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோகலாமா?

பயணிகள் விமானத்தில் கூடாது, பெட்டிக்குள் வைத்தாலும் கூடாது. யெல்லோநைஃபில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள். மிதவை விமானத்தில் ஏறும்போது விமானியிடம் சொல்லிவிட்டால் மிதவைக்குள் உள்ள அறையில் வைத்துக்கொள்வார். ஸ்பிரேயை இடுப்பில் மாட்டுங்கள், பையின் அடியில் கிடந்தால் ஒன்றுக்கும் உதவாது. கருவாட்டையும் ஊறுகாயையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

நஹானியில் தலையில்லாப் பிணங்கள் கிடைத்ததாமே?

ஆமாம், 1908-இல். தங்கம் தேடிப் போன மெக்லியோட் சகோதரர்கள் இருவருடையவை. அருவிக்குக் கீழே, ஆற்றின் போக்கில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கு இன்றும் செத்தவர் பள்ளத்தாக்கு என்றுதான் பெயர். உங்கள் தலைக்கு ஆபத்து கொசுவால் மட்டுமே.

படங்களில் தண்ணீர் பழுப்பாக, நுரையோடு தெரிகிறது. ஆலைக் கழிவா?

இல்லை. காட்டின் சதுப்பில் ஊறும் இலை, பாசி, மரப்பட்டையிலிருந்து இறங்கும் டானின்தான் அந்த நிறம். ஹே ஆற்றில் வண்டலும் சேர்ந்துகொள்கிறது. அழுகிய தாவரச் சத்து தண்ணீரோடு அடிபடும்போது நுரைக்கிறது. ஆனால் இயற்கையான நிறம் என்பதற்காக அப்படியே குடித்துவிடாதீர்கள். நீர்நாய் மாதிரி வாலைத் தட்டிக்கொண்டு திரியும் பீவர்களால் ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமி பரவும், வாரக்கணக்கில் படுத்தும். ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சாம்பா தே அருவி பக்கத்தில் முகாம் போட்டபோது நான் அந்தத் தண்ணீரில்தான் டீ வைத்தேன். தூள் போடுவதற்கு முன்னாலேயே பாதி நிறம் வந்திருந்தது.