சர்வருக்குக் காசில்லாத மருத்துவக் கல்லூரியில் இணையவழிப் பாடம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆண்டுக்கு 150 மாணவர்கள். இணையவழிக் கற்பித்தலுக்கு ஏற்பாடு செய்யும்படி டீன் என்னிடம் சொல்லியிருக்கிறார். தனி நிதி கிடையாது. விடுதியில் வைஃபை கீழ்த்தளத்தில் மட்டும்தான் எடுக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள், ஆங்கில வீடியோ போட்டால் பின்தங்கிவிடுகிறார்கள். எந்த மென்பொருள் வாங்கலாம்? வகுப்புகளை அப்படியே பதிவு செய்து போட்டால் போதுமா?

பதில்: அன்புள்ள டாக்டர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போதாது. 2020 பொதுமுடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ஐம்பது நிமிட வகுப்புகளை வரிசையாகப் பதிவு செய்து குழுவில் போட்டேன். கல்லூரி திறந்து மாணவர்கள் திரும்பி வந்தார்கள். ரத்த அழுத்தம் அளக்கும் படிகளை எல்லாரும் ஒப்பித்தார்கள். கையைச் சுற்றிக் கட்டும் கஃப் பட்டையை முழங்கைக்கு எவ்வளவு மேலே கட்டுவது என்பது கைக்குத் தெரியவில்லை; காற்றை இறக்கும்போது முதல் கொரோட்காஃப் ஒலி (ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் தட்டல்) எது என்பது காதுக்குத் தெரியவில்லை. பெரும்பாலோர் அந்த வீடியோக்களைத் தேர்வுக்கு முந்தைய இரவில், இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது நிமிடத்தில் ஒரு கேள்விகூட நான் அவர்களிடம் கேட்கவில்லை.

இணையவழிக் கல்வி பயன் தருமா என்பதில் சந்தேகம் வேண்டாம். மருத்துவத் துறைக் கல்வியில் நடந்த 201 ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஒன்றுமே சொல்லித்தராமல் விடுவதோடு ஒப்பிட்டால் இணையப் பாடம் பெரும் பலன் தருகிறது. வகுப்பறைப் பாடத்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை என்பதே அதன் சாரம். ஊடகம் தானாக எதையும் உயர்த்தித் தருவதில்லை. பாடத்தை எப்படி அமைக்கிறோம், மாணவர் சிக்கும்போது யார் கைகொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் மென்பொருள் பற்றி யோசிக்கும் முன் ஒரு பக்கத் தாளில் கணக்கெடுங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம். இணையம் சரியாக இல்லாதவர்தான் அதை நிரப்பாமல் விடுவார். சொந்த போனா, வீட்டில் பகிர்ந்துகொள்வதா? எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா? விடுதி அறையில் சிக்னல் எடுக்கிறதா? இயர்போன் இருக்கிறதா? இந்த ஐந்தும் தெரிந்துவிட்டால் பாதி முடிவுகள் தாமாக வந்துவிடும்.

இப்போது சிறு கணக்கு ஒன்று. நல்ல தரத்தில் எடுத்த வீடியோ நொடிக்கு 1.5 மெகாபிட் எடுக்கும். ஐம்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 560 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் வைத்திருக்கும் மாணவருக்கு ஒரே வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதையே ஆறு நிமிடமாக, ஸ்லைடும் குரலும் மட்டும் வைத்து நொடிக்கு 200 கிலோபிட்டில் சுருக்கினால் 9 எம்பிதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே இந்தச் சுருக்கலைச் செய்யும். குரல் மட்டும் போதுமென்றால் ஒன்றரை எம்பிகூட வராது. ஸ்லைடில் உங்கள் முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தும் படமும் தெளிவாக இருந்தால் போதும்.

ஆறு நிமிடம் என்று சொல்வதற்கு டேட்டா மட்டும் காரணமில்லை. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்கு மிகாத வீடியோக்களே மாணவர்களை அதிகம் பிடித்துவைத்தன என்று தெரிந்தது. வீடியோவைவிட முக்கியம் அதற்குப் பின்னால் வரும் கேள்விகள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 61 சதவீதம். ஆகவே ஒவ்வொரு துண்டு வீடியோவுக்குப் பின்னும் ஐந்து கேள்விகள். அதே கேள்விகள் மூன்று நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. ஆங்கி என்ற செயலி இதற்காகவே உள்ளது. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு.

எல்லாப் பாடத்தையும் நீங்களே தயாரிக்கத் துணியாதீர்கள். சென்ற இரண்டு ஆண்டு விடைத்தாள்களை எடுத்து, மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள். இதயச் சுழற்சி, ஆக்ஷன் பொட்டன்ஷியல் (நரம்பில் ஓடும் மின்துடிப்பு), நெஃப்ரானின் கவுண்ட்டர் கரன்ட் (சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கும் முறை) என்று ஐந்தாறு தலைப்புதான் தேறும். அவற்றை மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கு ஏற்கெனவே நல்ல இலவசப் பொருள் இருக்கிறது: ஓபன்ஸ்டாக்ஸின் உடற்கூறு-உடலியங்கியல் நூல், ஸ்டாட்பேர்ல்ஸ் கட்டுரைகள்.

தமிழ்வழி மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அதுதான். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இப்போது நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவில் குறை இல்லை; ஒரே நேரத்தில் மொழி, பாடம் என்று இரண்டு சுமை. தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் கலைச்சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனால் காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள். கவுண்ட்டர் கரன்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெயிலில் நடந்து தண்ணீர் குடிக்காமல் வந்தால் சிறுநீர் ஏன் மஞ்சளாக, கெட்டியாக வருகிறது?' என்று ஆரம்பியுங்கள். சிறுநீரகத்தின் உள்பகுதியில் உப்பும் யூரியாவும் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகின்றன. 300-இலிருந்து அடியில் 1200 மில்லிஆஸ்மோல் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) வரை. ஏடிஹெச் என்ற ஹார்மோன் வந்து குழாயின் கதவைத் திறந்தால் தண்ணீர் அந்த உப்பை நோக்கி வெளியே ஓடுகிறது. இவ்வளவையும் பேச்சுத்தமிழில் சொல்லிவிட்டு, அதே செய்தியை நான்கு ஆங்கில வாக்கியங்களில் திரையில் காட்டி, அவர்களையே எழுதச் சொல்லுங்கள். தமிழில் புரிந்தது, ஆங்கிலத்தில் எழுத வரும். புரியாமல் மனப்பாடம் செய்த ஆங்கிலம் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் குறுக்குக் கேள்விக்கே நின்றுவிடும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பாடங்களையும் தேர்வுகளையும் வைத்து நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருள் 2002 முதல் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் ஓடுகிறது, இலவசம். துறையில் ஒதுக்கிவைத்த பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு மூடுலை நிறுவி, ஒரு வைஃபை ரவுட்டரை இணைத்துவிட்டால், வெளி இணையமே இல்லாமல் கல்லூரிக்குள் அது வேலை செய்யும். மாணவர்கள் நூலகத்தில் இறக்கிக்கொண்டு விடுதி அறையில் பார்க்கட்டும். சாதாரண ரவுட்டர் 150 போனை ஒரே நேரத்தில் தாங்காது. தொகுதி தொகுதியாக நாள் ஒதுக்குங்கள். அதே கணினியில், இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மூலம் விக்கிப்பீடியாவின் மருத்துவத் தொகுப்பையும் வைக்கலாம். யுபிஎஸ் கட்டாயம். வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் டீனிடம் எடுத்துப்போக வேண்டும். இத்தகைய முயற்சிகள் ஆறே மாதத்தில் படுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தொழில்நுட்பத்தால் அவை படுக்கவில்லை. மாணவர் இரவு பத்து மணிக்கு ஒரு சந்தேகம் போடுகிறார். நான்கு நாள் யாரும் பதில் சொல்வதில்லை. அடுத்த சந்தேகத்தை அவர் போடுவதே இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2003-இல் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிராமப்புற மருத்துவர்களுக்கு அவர் வீடியோக் கிடங்கு ஒன்றைக் கட்டிக் கொடுக்கவில்லை. வாராவாரம் குறித்த நேரத்தில் திரையில் கூடி, அவர்கள் கொண்டுவந்த ஹெபடைடிஸ் சி நோயாளியைப் பற்றிப் பேசினார். 2011-இல் வந்த முடிவில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், எக்கோ மையங்களில் 58.2 சதவீதம். கேட்க ஓர் ஆள் இருந்ததால் வந்த பலன் இது.

ஆகவே டீனிடம் எழுத்தில் கேளுங்கள். ஒன்று: பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு வாரம் மூன்று மணி நேரம் பணிநேரமாகக் கணக்கில் வர வேண்டும், இல்லையென்றால் அது தூக்கத்திலிருந்துதான் போகும், நெடுநாள் ஓடாது. இரண்டு: முறைவைத்து ஒரு டியூட்டர் 48 மணி நேரத்துக்குள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று: கணினியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், வாரத்தில் அரை நாளாவது. நான்காவதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. அரசுப் பணியில் நீங்கள் நாளை கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போகலாம். பாடங்கள் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்தால் உங்களோடு அவையும் போய்விடும். கல்லூரிப் பெயரில் கணக்கு, கடவுச்சொல்லின் நகல் டீன் அலுவலகத்தில்.

எதைத் திரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஈசிஜி படிப்பது திரையில் நன்றாகவே வரும். ரத்த அழுத்தம், நாடி, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவற்றுக்குப் படிகளை வீடியோவில் காட்டிவிட்டு, வகுப்பு நேரம் முழுவதையும் கைக்கு விடுங்கள். 2019 முதல் நடப்பில் இருக்கும் திறன்சார் பாடத்திட்டமும், மாணவர் செய்வதை ஆசிரியர் நேரில் பார்த்து லாக்புக்கில் கையெழுத்திடுவதையே எதிர்பார்க்கிறது. திரை மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை நோயாளி பக்கம் செலவிட்டால்தான் இந்த ஏற்பாட்டுக்கே பொருள்.

பலனை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையால் அளக்காதீர்கள். பாடத்துக்கு முன் பத்துக் கேள்வி, மூன்று வாரம் கழித்து அதே தரத்தில் பத்துக் கேள்வி. யார் ஏறவில்லை என்று பெயரோடு பாருங்கள். அவர்களைக் கூப்பிட்டு, எங்கே தடுக்கியது என்று கேளுங்கள். அடுத்த வீடியோவுக்கான தலைப்பு அங்கே கிடைக்கும்.

மற்றத் துறைகள் சேரும்போது நோயாளிகளின் படங்கள் வரத் தொடங்கும். எக்ஸ்ரே மூலையில் பெயரும் ஓபி எண்ணும் இருக்கும். மறைக்காமல் எதையும் ஏற்ற விடாதீர்கள். தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் இப்போதே தயாரித்து வையுங்கள். படம் எதற்கு, யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றாலும் சிகிச்சையில் குறை வராது என்று நோயாளிக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.